ஒரு மனைக்கு ஒரு வீடு

நகராட்சியில் என் வேலை கூட்டம் நடத்துவது. அறைக்கு வெளியே பலகையில் ‘திட்ட அலுவலர்’ என்று போட்டிருக்கும். திட்டத்தை மேலே யாரோ போடுகிறார்கள், கீழே யாரோ திட்டுகிறார்கள், நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். குப்பைக் கிடங்கு, குடிநீர்க் குழாய், பேருந்து நிறுத்தம் என்று எல்லாவற்றுக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டதில் காது மரத்துப்போய்விட்டது. நான் பிறந்து வளர்ந்த தெருவுக்கே ஒரு திட்டம் வந்தபோதுதான் மைக்கைப் பிடிக்கத் தயங்கினேன். அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத் தலைவர் என் அண்ணன்.

இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் தெரு அது. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் எல்லாரும் அதற்குள் வண்டியைத் திருப்பிப் பறப்பார்கள். இரண்டு பக்கமும் மதில் வைத்த தனி வீடுகள். ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்பது பழைய விதி. மாடியில் அறை கட்டிக்கொள்ளலாம், இன்னொரு சமையலறையும் இன்னொரு வாசலும் வைக்கக் கூடாது. புதுத் திட்டம் இதை மாற்றச் சொன்னது. ஒரு மனையில் மூன்று வீடு வரைக்கும் கட்டலாம். கூடவே சாலையைக் குறுக்கி, நடைபாதையை அகலப்படுத்தி, ஆட்கள் தெருவைக் கடக்க நடுவில் மேடான ஒரு கடவையும் போட வேண்டும். ஒரு பக்கம் வண்டி நிறுத்துவதும் கிடையாது.

நான் மேலதிகாரியிடம் போய் நின்றேன்.

“சார், அது எங்க அண்ணன் தெரு. வேற யாரையாவது போடுங்க.”

“உங்க பேர்ல அங்க சொத்து இருக்கா?”

“இல்ல சார். எப்பவோ அண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்தாச்சு.”

“முடிவு எடுக்கறது நீங்களா?”

“மன்றம்தான் சார்.”

“அப்புறம் என்ன? போய் மைக்கைப் பிடிங்க.”

முதல் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரிய மனிதர்கள் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதிலேயே பாதிப் பேருக்குக் கோபம் வந்துவிட்டது. குடிநீர் போதாது என்றார்கள், சாக்கடை தாங்காது என்றார்கள். பக்கத்து வீட்டு மாடி உயர்ந்தால் தன் வீட்டுத் துணி காயாது என்று ஒரு அம்மா சொன்னதை நான் உண்மையிலேயே குறித்துக்கொண்டேன். அது நியாயமான கவலை.

பிறகு அண்ணன் எழுந்தார். வேலையில் இருந்தவரை அவர் காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டவர். நொறுங்கிக் கிடக்கிற காரைச் சுற்றி வந்து, இது முன்னாடியே நொறுங்கியிருந்தது என்று நிரூபிப்பதில் கெட்டிக்காரர் என்று அண்ணி கேலி செய்வார். அந்த மாதிரியே அன்று திட்டத்தையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

“அலுவலர் அம்மா அவர்களே,” என்று என்னைப் பார்த்துத் தொடங்கினார். வீட்டில் என்னை அவர் ‘குட்டை’ என்று கூப்பிடுவார். “மூணு வீடு வந்தா மூணு வண்டி வரும். வண்டியை எங்க நிறுத்துவாங்க? உங்க ஆபீஸ்லயா?”

கைதட்டல் அடங்க நேரமானது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் எழுந்து நின்றே தட்டினார். அவரிடம் இரண்டு கார்.

“சாலையைக் குறுக்கறது பாதுகாப்புக்காக,” என்றேன்.

“இத்தனை வருஷமா இந்தத் தெருவுல யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார் அண்ணன்.

என்னிடம் விபத்து விவரங்கள் இருந்தன. படித்தேன். யாரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அண்ணன் வாசலில் என்னிடம் வந்து, சாப்பிட்டாயா, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்றிருந்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு முன்னால் அண்ணியை ஒரு பைக் இடித்துவிட்டது. தன் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குத் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். இடித்தவன் திரும்பிப் பார்த்தான், நிற்கவில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அண்ணன் மகள் அங்கே இருந்தாள். கண் மருத்துவமனை ஒன்றில் பரிசோதனைக் கருவிகளை இயக்குகிறவள் அவள். புருஷனை விட்டுக் கைக்குழந்தையோடு வந்து கொஞ்ச நாள் அப்பா வீட்டு முன்னறையில் இருந்தாள். அப்பாவும் மகளும் ஒரே கூரையின் கீழ் ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. எத்தனை மணிக்கு வந்தாய், போனில் யார் என்று அவர் கேட்க, அவள் பதில் சொல்ல, அண்ணி நடுவில் நிற்க, கடைசியில் ஊரின் மறுகோடியில் ஒற்றை அறை எடுத்துப் போய்விட்டாள். அண்ணி வாரம் தவறாமல் இரண்டு பேருந்து மாறி அவளைப் பார்க்கப் போவார். அன்றும் அங்கேதான் கிளம்பியிருக்கிறார்.

அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரணம் தெரியாமல் நானும் விட்டுவிட்டேன். வேலை, குழந்தை, அலுப்பு என்று நானாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நல்லா இருக்கீங்களா அத்தை?” என்றாள், சுவரைப் பார்த்து.

“எம்மேல ஏதாவது கோவமா?”

“கோவம் எதுக்கு? உங்க ஆபீஸ் ரூலு உங்களுக்கு.”

“என்ன ரூலு?”

“மாடில தனி வாசல் வெச்சு ஒரு சின்ன வீடு கட்டிக் குடுங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். உங்ககிட்ட ரெண்டு தடவை வந்து பேசினாராம். சொந்த அண்ணன் மகள்னுகூடப் பாக்காம முடியாதுன்னுட்டீங்களாம். சரி, விடுங்க. இப்ப எதுக்கு அது.”

அண்ணன் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த விதியை வைத்துக்கொண்டு நானும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு. ஆனால் கேட்கவில்லை.

“என்கிட்ட யாரும் வரலம்மா,” என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அண்ணி மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மருந்து வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம். “என்ன, எல்லாரும் சாமி சிலை மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றார். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அப்படித்தானே உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டாவது கூட்டத்துக்குச் சங்கம் முழுத் தெருவையும் திரட்டிக்கொண்டு வந்திருந்தது. அண்ணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை நான் அங்கே எதிர்பார்க்கவில்லை. அண்ணனும் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் அடிக்கடி திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது.

பேச விரும்புகிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னேன். ஒரு மாவுக்கட்டு உயர்ந்தது.

மைக்கை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“நான் சங்கத் தலைவரோட வீட்டுக்காரி. இவர் பேசினதுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்ல. தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “ரோட்டைக் குறுக்கினா வண்டிய நிறுத்த இடமிருக்காதுங்கறீங்க. என்னை இடிச்சவனுக்கு இத்தனை இடமிருந்தும் நிறுத்தத் தெரியலயே.”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கச் சொல்லவில்லை.

“எம் பொண்ணு தனியா இருக்கா. எங்க வீடு பெருசு. மூணு ரூமு பூட்டியே கிடக்கு, வாரம் ஒரு தடவை தூசி தட்டறேன். அவளுக்குத் தனியா ஒரு வாசல் வேணும், யாரும் கேள்வி கேக்காம வந்து போறதுக்கு. அவ்வளவுதான் கேட்டா. சட்டம் விடலன்னு இவர் சொன்னார். நானும் நம்பினேன். இப்ப சட்டம் விடறேன்னு வருது, அது வேணாம்னு ஊரைக் கூட்டி நிக்கறார். எனக்கு ஒண்ணும் புரியல. யாராவது புரிய வைங்க.”

மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அது உருண்டு கீழே விழுந்து பெரிதாகச் சத்தம் போட்டது. நான் போய் எடுத்தேன்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. எத்தனையோ கூட்டத்தில் அவர் எத்தனையோ பேரை மடக்கிப் பார்த்திருக்கிறேன், அப்படிக் குனிந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்த விதியைக் காப்பாற்ற அவர் ஏன் இப்படி மல்லுக்கட்டினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாழாமல் வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூச்சம். வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லவும் மனசில்லை. அவருக்குப் பதிலாக இத்தனை நாள் விதிதான் ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. விதி போய்விட்டால் அவர்தான் சொல்ல வேண்டும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் தங்கை. ஆனால் கையில் மைக் இருந்தது.

“அடுத்தவர்,” என்றேன்.

மன்றம் வழக்கம்போல யாருக்கும் முழுசாகப் பிடிக்காத ஒரு முடிவை எடுத்தது. மனைக்கு மூன்று வீடு இல்லை, இரண்டு. சாலையைக் குறுக்குவதில்லை, மேடான கடவையும் இரண்டு வேகத்தடையும் மட்டும். சங்கத்தைச் சமாதானப்படுத்த ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள். புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் மதிலுக்குள்ளேயே ஒரு கார் நிற்க இடம் விட்டாக வேண்டும். அந்த வாசகத்தை வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடுத்தது அண்ணன்தான். எந்தப் பக்கம் இழுத்தாலும் பிரியாத காப்பீட்டுத் தமிழ்.

அண்ணி தன் மகளோடு போய்விட்டார். கை சரியாகும்வரை என்றார்கள். மாவுக்கட்டு பிரித்தார்கள், விரல் மடங்கியது, பாத்திரம் தூக்க முடிந்தது. அவர் திரும்பவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போகவும் இல்லை. தினமும் அண்ணனுக்குப் போன் செய்து மாத்திரை போட்டாரா என்று கேட்பாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அண்ணனைப் பார்க்கப் போவேன். டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். சமையலறையில் பால் பொங்கி வழிந்து காய்ந்த கறை அடுப்பில் அப்படியே இருக்கும். நான் துடைப்பேன். அவர் எதைப் பற்றியும் பேச மாட்டார், நானும் கிளற மாட்டேன். ஆபீஸில் வாரம் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவளுக்கு அந்த மௌனம் ஒருவகையில் வசதியாகவும் இருந்தது.

ஒரு நாள் ஆபீஸில் தலையைத் தூக்கிப் பார்த்தால், கவுன்டருக்கு வெளியே வரிசை நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் டோக்கன். எவ்வளவு நேரமாக இருந்தாரோ. நான் எழுந்து போனேன்.

“உள்ள வரலாமே அண்ணா. இங்க ஏன் உக்காந்திருக்க?”

“நம்பர் கூப்பிடட்டும்,” என்றார். பிறகு மெதுவாக, “மாடில வீடு கட்டணும், குட்டை. என்னென்ன வேணும்?”

கூட்டிப் போய் உட்கார வைத்து அவர் வீட்டு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. முன்னால் இருக்கிற இடத்தில் அவருடைய கார் ஒன்றுதான் நிற்கும். இரண்டாவது காருக்கு இடமில்லை.

“அவகிட்ட கார் இல்லயே. ஓட்டவே தெரியாது,” என்றார்.

“அவகிட்ட இருக்கா இல்லயான்னு விதி கேக்கலண்ணா. இடம் இருக்கான்னுதான் கேக்குது.”

“யாரு போட்டா இந்த மடத்தனமான விதிய?”

அவருக்கே ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

விதியிலிருந்து தளர்வு கேட்கலாம் என்றேன். தெருவில் இருப்பவர்களிடம் ஆட்சேபம் கேட்போம், இல்லை என்றால் கிடைக்கும். அண்ணன் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எந்தக் கதவையெல்லாம் தட்டினாரோ, அந்தக் கதவிலேயே சரி என்று சொல்லுங்கள் என்று கேட்டு நின்றார். சிலர் தலையாட்டினார்கள். துணி காயாது என்று சொன்ன அம்மா, மாடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டினால் சரி என்று ஒத்துக்கொண்டார். பல் டாக்டர் மட்டும் மசியவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லையாம். “ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்னு நீங்கதான் சார் சொன்னீங்க,” என்றாராம்.

விசாரணை நாளில் நான் அறைக்குள் போகவில்லை. வேறொருவரைப் போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வெளியே வந்தார், உதட்டைப் பிதுக்கினார், என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் அங்க உக்காந்திருந்தா நானும் தரமாட்டேன்,” என்றார்.

அதற்கு அடுத்த மாதம் முன்னறையை இடித்தார். சங்கக் கூட்டங்கள் நடந்த அறை. அதற்கு முன்னால் மகளும் பேத்தியும் படுத்திருந்த அறை. கொத்தனார் ஜன்னலைப் பெயர்த்தபோது அவர் உதவிக்கு நின்று செங்கல் அடுக்கினார் என்று கேள்விப்பட்டேன். இந்த வயதில் ஏன் என்று போனில் திட்டினேன். சும்மா நின்றால் ஏதேதோ தோன்றுகிறது என்றார். முன்னறை இருந்த இடம் இரண்டாவது காருக்கான சிமென்ட் தரையாயிற்று. மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை, வெளியிலிருந்தே ஏறுகிற படிக்கட்டு, தனி வாசல்.

கட்டி முடிக்கும்வரை மகளிடம் அவர் மூச்சுவிடவில்லை. அண்ணிக்குத் தெரிந்திருந்தது, அவரும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் அண்ணன் இரண்டு பேருந்து மாறி அங்கே போனார். அதற்கு முன் அவர் போனதே கிடையாது. இடம் தெரியாமல் சுற்றிவிட்டு வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார் என்று அண்ணன் மகள்தான் எனக்குச் சொன்னாள். அவளே போன் செய்தாள்.

“உள்ள வாங்கப்பான்னேன். வாசல்லயே நின்னுட்டார் அத்தை. ‘உங்க அத்தை முடியாதுன்னு சொல்லல. நான் கேக்கவே இல்ல’ன்னார். அப்புறம், ‘மேல வீடு கட்டியிருக்கேன், தட்டாம வரமாட்டேன், எத்தனை மணிக்கு வந்தன்னு கேக்கமாட்டேன்’னார். மனப்பாடம் பண்ணிட்டு வந்த மாதிரி இருந்துச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“தண்ணி குடுத்தேன். யோசிக்கிறேன்னு சொன்னேன். உங்களைத்தான் ரொம்ப நாளா தப்பா நினைச்சிட்டிருந்தேன் அத்தை.”

“பரவால்ல. தப்பா நினைக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்,” என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

பேத்திக்குப் பள்ளி விடுமுறை வரும்வரை யோசித்துவிட்டுத்தான் வந்தாள். ஒரு வருடம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஒத்துவராவிட்டால் கிளம்பிவிடுவாளாம். அண்ணியும் வந்துவிட்டார். ஆனால் இருப்பது மாடியில், மகளோடு. அண்ணன் கீழே. சாப்பாட்டு நேரத்துக்குப் படியேறிப் போகிறார், சாப்பிடுகிறார், இறங்கி வருகிறார். அண்ணி எப்போது கீழே வருவார் என்று அவரும் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. எனக்கு அதில் நுழைய விருப்பமில்லை.

கட்டட ஆய்வாளர் வந்து, கார் நிற்கும் இடத்துக்கு வெள்ளைக் கோடு போடச் சொல்லிவிட்டுப் போனார். போட்டார்கள். இன்றுவரை அதில் கார் நின்றதில்லை. பேத்தி அந்தக் கோட்டின்மேல் பிசகாமல் நடந்து பழகுகிறாள்.

அண்ணன் தலைவர் பதவியை விட்டுவிட்டார். பல் டாக்டர்தான் இப்போது தலைவர். வேகத்தடையில் கார் அடிபடுகிறது, எடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு கூட்டம் நடத்த வேண்டும். தேதி குறித்தாயிற்று. அதே பள்ளிக்கூடம்தான்.

போன ஞாயிறு போயிருந்தபோது இதை அண்ணனிடம் சொன்னேன்.

“நீ வந்து பேசுவியா?”

“என்ன பேச?” என்றார். “உங்கண்ணி எந்திரிச்சு நின்னா போதும்.”

நான் அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே தரையில் யாரோ ஓடினார்கள், நின்றார்கள், மறுபடி ஓடினார்கள். சுவர்க் கடிகாரம் லேசாக அதிர்ந்தது.

“தொந்தரவா இருக்காண்ணா?” என்று கேட்டேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“பகல்ல இருக்கு,” என்றார். “ராத்திரி அந்தச் சத்தம் நின்னதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வருது.”